பதிவுப் பெட்டியின் இலக்கணம்

தமிழாசிரியர் எழுதும் கட்டுரை சங்கப் பாடலைப் பற்றியோ சமயக் குரவரைப் பற்றியோ அமைதல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர், யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு புன்முறுவல் பூத்தல் கூடும். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரம் ஒன்றன்றி, மின்னியலில் எமக்கு யாதொரு பட்டமும் இல்லை. ஆயினும், கண்காணிப்புக் கமராக்களின் காட்சிகளைச் சேமித்து வைக்கும் பதிவுப் பெட்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். துணிந்த காரணம் கட்டுரையின் இடையே விளங்கும். எம் வகுப்பறையில் நன்னூல் கற்றுச் சென்ற மாணவன் ஒருவன், இப்பெட்டியின் இலக்கணத்தை எமக்குக் கற்பித்தான் என்பதை மட்டும் இப்போது கூறி அமைவோம்.

எல்ல என்னும் சொல் சிங்கள மொழியில் அருவியைச் சுட்டும். தமிழிலே எல் என்பது ஒளி. இஃது ஒலியொப்புமையேயன்றி வேரொற்றுமை அன்று. கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர், எம் இளமைப் பருவத்தில் தேயிலை மலைகளுக்கு இடையே ஒரு சிறு கடைத்தெருவும் ஒரு புகையிரத நிலையமுமாகவே இருந்தது. 1924 ஆம் ஆண்டில் பதுளையைச் சென்றடைந்த அந்தப் புகையிரதப் பாதையும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலமும் இன்று உலகத்தின் நாற்றிசையினின்றும் மக்களை இங்கு ஈர்க்கின்றன. வீடுதோறும் விடுதி, விடுதிதோறும் கமரா. கடைகளிலும், கோயில்களிலும், தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கொழுந்து நிறுக்கும் மடுவங்களிலும் அவை வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைப் பொருத்தும் தொழிலை மேற்கொண்டு பிழைக்கும் இளைஞர் பலர் நம் தோட்டப்புறங்களிலிருந்து எழுந்துள்ளனர். நம் கல்லூரியின் பழைய மாணவரும் அவருள் அடங்குவர்.

கமரா என்பது கண் போன்றது. பதிவுப் பெட்டி நினைவு போன்றது. கண் கண்டதை நினைவு காவாதாயின் கண்டும் பயனில்லை. இப்பெட்டி இருவகைப்படும். டீ.வி.ஆர். எனப்படுவது, கமராவிலிருந்து கம்பி வழியே வரும் சைகையைத் தானே இலக்க வடிவாக்கிச் சுருக்கிப் பதிவது. என்.வி.ஆர். எனப்படுவது, கமராவே இலக்க வடிவாக்கி வலையமைப்பு வழியே அனுப்புவதை ஏற்றுப் பதிவது. இரண்டினுள்ளும் காட்சிகளைத் தாங்குவது வன்தட்டு. தட்டு நிறைந்ததும் மிகப் பழைய காட்சி தானாக அழிந்து புதியதற்கு இடங்கொடுக்கும்.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. 1942 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பேனமுண்டே என்னும் இடத்தில், ஏவுகணைகள் மேலெழுவதைத் தொலைவிலிருந்து காண்பதற்குச் சீமன்ஸ் நிறுவனத்தார் அமைத்த ஏற்பாட்டையே கண்காணிப்புக் கமராவின் தொடக்கமாகக் கூறுவர். அன்று பதிவு இல்லை. ஒருவர் கண்ணிமையாது பார்த்திருத்தல் வேண்டும். 1956 இல் அமெரிக்காவில் அம்பெக்ஸ் நிறுவனத்தார் ஒளிப்பதிவு நாடாக் கருவியை வெளியிட்டனர். 1976 இல் வீ.எச்.எஸ். நாடா தோன்றிய பின்னர் பதிவு எளிதாயிற்று. ஒரே நாடாவில் ஒரு பகலையும் ஓர் இரவையும் அடக்க விரும்பியோர், விநாடிக்குச் சில படங்களை மட்டும் பிடித்து அமைந்தனர். அதே நாடாவை மீண்டும் மீண்டும் பயன்படுத்த, அது தேய்ந்து காட்சி மங்கும். 1990 களின் பிற்பகுதியிலிருந்தே வன்தட்டு மெல்ல மெல்ல நாடாவின் இடத்தைக் கைப்பற்றியது.

இனி, யாம் இப்பொருளில் ஈடுபட நேர்ந்த நிகழ்ச்சியைக் கூறுவோம். எல்லவை அடுத்த தோட்டம் ஒன்றிலுள்ள கோயிலின் பரிபாலன சபையில் யாமும் ஓர் உறுப்பினர். அக்கோயிலில், தைப்பொங்கலை அடுத்து, எட்டுக் கமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் பொருத்தப்பட்டன. பொருத்தியவர் யார் என்பது ஈண்டு வேண்டாத செய்தி. அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு உண்டியல் உடைக்கப்பட்டது. ஓசை கேட்டு எழுந்த குருக்கள் தம் கைப்பேசியில் நேரம் பார்த்தார். 1 மணி 10 நிமிடம். காலையில் சபையார் கூடிப் பதிவுப் பெட்டியைத் திறந்தோம். உண்டியலை நோக்கிய கமராவில் மூடுபனியன்றி வேறொன்றும் தெரியவில்லை. வாயிற் கமராவிலோ, 1 மணி 8 நிமிடத்தில் ஓர் இளைஞன் உள்ளே நோக்கியவாறு கடந்து செல்வது தெளிவாகத் தெரிந்தது. அவனை யாவரும் அறிவர். எல்லவில் ஒரு விடுதியில் வேலை செய்பவன், லயத்து வீட்டில் தாயோடு வசிப்பவன், எம்மிடம் கற்றவன்.

தான் அந்நேரம் வீட்டில் உறங்கியதாகவும், வேலை முடிந்து கோயில் வழியாக வந்தது நள்ளிரவை ஒட்டி என்றும் அவன் கூறினான். திரையிலே நேரம் எழுதியிருக்க, அவன் சொல்லை எவர் நம்புவர்? அவன் பொய் சொல்கிறான் என்றே எம் மனமும் கொண்டது. அதனை மறைத்தல் முறையன்று. அவன் தோன்றும் பத்து நிமிடக் காட்சியை மட்டும் ஒரு பென் டிரைவில் பிரதி செய்து வைத்தோம். செய்தி பரவிற்று, விடுதியார் அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றனர். அவன் தாய் பீலிக்கரைக்குத் தண்ணீருக்குச் செல்வதையும் தவிர்த்தாள்.

பதினைந்தாம் நாள், கமரா பொருத்தும் தொழில் செய்யும் எம் பழைய மாணவன் ஒருவன், வேறு அலுவலாகத் தோட்டத்துக்கு வந்தவன், இச்செய்தி கேட்டுக் கோயிலுக்கு வந்தான். அவன் காட்சியைப் பார்க்கவில்லை. முதலில் தன் கைப்பேசியின் நேரத்தையும் பெட்டியின் நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தான். “சேர், இந்தப் பெட்டி ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது” என்றான். மேலைநாடுகளிற் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கம் உண்டு. ஐரோப்பாவில் மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை அவ்வாறு நடைபெறும். அந்த ஏற்பாடு பெட்டியில் அணைக்கப்படாது விடப்பட்டிருந்தது. தை மாதத்தில் சரியாக இருந்த கடிகாரம், மார்ச்சு முடிவில், ஒருவரும் தொடாமலே, ஒரு மணி முன்சென்றுவிட்டது. ஆகவே திரையில் 1 மணி 8 நிமிடம் என்று கண்டது உண்மையில் 12 மணி 8 நிமிடம். விடுதியின் பதிவுப் பெட்டி முப்பது நாட் காட்சியைக் காத்து வைப்பது. அதிலே அவன் 11 மணி 50 நிமிடத்தில் வாயிலைக் கடந்த காட்சி இருந்தது. விடுதியிலிருந்து கோயிலுக்கு நடை பதினெட்டு நிமிடம்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கிய பின்னரே கொள்ளல் வேண்டும் என அறிவுறுத்துகின்றார். ஆண்டுதோறும் அதனைக் கரும்பலகையில் எழுதி விளக்கிய யாம், ஒரே ஒற்றனை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்கினோம். மெய்யான திருடனைப் பெட்டியின் கணக்கில் 2 மணி 10 நிமிடத்தை ஒட்டித் தேடியிருத்தல் வேண்டும். அதை அறிந்தபோது அந்த இரவின் காட்சி முழுவதும் அழிந்து போயிருந்தது. இளைஞன் பழி நீங்கினான். சபையார் அவன் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். உண்டியலை உடைத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அன்று முதல் அம்மாணவனிடம் வினவியும், அவனோடு ஒத்த தொழிலாளர் சிலரிடம் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்து ஈண்டுத் தருகின்றோம். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் உரைத்தார் நன்னூலார். பதிவுப் பெட்டிக்குப் பொருத்துநர் வேண்டும் அழகுகள் ஏழு என யாம் எண்ணினோம்.

முதலாவது, காலந்தவறாமை. நேரம் பிழைத்த பதிவு, பதிவில்லாமையினும் தீது. பெட்டியின் உள்ளே பொத்தான் வடிவான சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது செத்தால், மின்சாரம் மீளும்போது கடிகாரம் பல்லாண்டு பின்சென்று பழைய தேதி ஒன்றில் தொடங்கும். இணைய வசதி உள்ள இடத்தில் பெட்டி தானே நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அவ்வசதி இல்லாத தோட்டங்களில் மாதம் ஒருமுறையாவது கையாலே சரிபார்த்தல் வேண்டும். இணையத்தோடு இணைந்திருந்தாலும் கோடைக்கால ஏற்பாடு அணைக்கப்படாவிடின் பிழை நீங்காது. நம் நாட்டின் நேரமும் என்றும் ஒன்றாய் இருந்ததன்று. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி குறைக்கப்பட்டு, 2006 ஆம் ஆண்டு ஏப்பிரலில் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே மீண்டது. நேரவலயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஐந்தரை மணி முந்திய வலயமே நமக்குரியது என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது, தானே எழுதல். மின்சாரம் அற்றுப் பின் மீளும்போது, எவரும் பொத்தானை அழுத்தாமலே பெட்டி விழித்துப் பதிவைத் தொடங்குதல் வேண்டும். நம் நாட்டார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என அமைச்சர் கூறினார். திடீரென மின் அறும்போது வன்தட்டில் எழுதப்படும் காட்சி பாதியில் முறியும்; பலகால் முறியின் தட்டே பழுதாகும். ஆதலால் யூ.பி.எஸ். எனப்படும் மின்கலப் பெட்டி ஒன்றை இடையிலே வைத்தல் நன்று. அதனைப் பதிவுப் பெட்டிக்கு மட்டும் கொடுத்துக் கமராக்களுக்குக் கொடாது விடுதல், நினைவை விழிக்க வைத்துக் கண்ணை மூடுதல் போலாகும். கமராக்களையும், இணைப்புப் பெட்டியையும், றவுட்டரையும் அதனோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

மூன்றாவது, போதிய கொள்ளளவு. ஈண்டு ஒரு சிறு கணக்குச் செய்து காட்டுவோம். மாணவர் தாமும் செய்து பார்க்க. ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவிலே காட்சியை அனுப்புகின்றது எனக் கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இரண்டையும் பெருக்கி, எட்டுப் பிட் ஒரு பைட் ஆதலின் எட்டால் வகுத்தால், 43,200 மெகாபைட், அதாவது 43.2 கிகாபைட் வரும். எட்டுக் கமராக்களுக்கு நாளொன்றுக்கு 345.6 கிகாபைட். நான்கு டெராபைட் வன்தட்டு, அதாவது 4,000 கிகாபைட், இந்த வீதத்தில் பதினொன்றரை நாளுக்கே போதும். எம் கோயிலின் பெட்டி பதினைந்தாம் நாள் வெறுமையாயிருந்த காரணம் இதுவே. தட்டு வாங்கியபோது எவரேனும் இக்கணக்கைச் செய்திருப்பின் அந்த இரவு கிடைத்திருக்கும்.

காட்சியைச் சுருக்கும் முறையும் இக்கணக்கிற் புகும். 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் முறையினும், 2013 இல் வகுக்கப்பட்ட எச்.265 என்னும் முறை ஏறத்தாழப் பாதி இடத்திலேயே அதே தரமான காட்சியை அடக்க வல்லது. அவ்வாறு விநாடிக்கு 2 மெகாபிட் ஆக்கின், அதே தட்டு இருபத்துமூன்று நாள் தாங்கும். அசைவு கண்டபோது மட்டும் பதியுமாறு அமைத்தல் மற்றொரு வழி. எல்லவிலோ அதற்கு இடையூறு மிகுதி. மூடுபனி அசையும், வாழையிலை அசையும், இரவிலே பறந்து வரும் பூச்சிகளும் அவற்றைத் தேடி வலைபின்னும் சிலந்திகளும் கமராவின் முன்னே ஓயாது அசையும். ஆகவே முக்கியமான இடங்களில் இடைவிடாப் பதிவே தக்கது என்பர் பொருத்துநர். நான்கு டெராபைட் தட்டை இட்டால் பெட்டி 3.6 என்று காட்டுகின்றதே என்று விற்றவரோடு சண்டையிடுவாரும் உளர். விற்பவர் ஆயிரங்களால் எண்ண, கருவி 1,024 களால் எண்ணுவதால் வரும் வேறுபாடே அது.

மேலும், மேசைக் கணினிக்குரிய தட்டை இப்பெட்டியில் இடுதல் ஆகாது. பதிவுப் பெட்டியின் தட்டு இரவும் பகலும் ஓயாமல் எழுதுவது. அதற்கென்றே செய்த தட்டுகள் தனியே விற்கப்படுகின்றன. தட்டுப் பழுதானால் பெட்டி ஒலியெழுப்பி அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. அவ்வொலி தொல்லையாயிருக்கிறதென்று அதனை நிறுத்திவிட்டு, மாதக்கணக்காக யாதும் பதியாத பெட்டியைக் காவலாக நம்பியிருந்த வீடுகளை எம் மாணவன் கண்டுள்ளான்.

நான்காவது, தேடலும் பிரதியெடுத்தலும் எளிதாதல். வேண்டிய நாளையும் மணியையும் கூறியவுடன் காட்சி வருதல் வேண்டும். அதனைப் பிற கணினிகளிலும் திறக்கக்கூடிய பொதுவான வடிவில் பிரதி செய்யவும் இயலுதல் வேண்டும். அந்தப் பெட்டியைச் செய்தவரின் செயலி இருந்தாலன்றித் திறவாத பிரதியைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசென்று வெறுங்கையோடு திரும்பியவர் பலர். நமது 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்ச்சி நடந்த வேளையிலேயே கருவியாற் செய்யப்பட்ட பதிவை நீதிமன்றம் சான்றாக ஏற்க வழிசெய்கின்றது. பதிவு மாற்றப்படாததாய் இருத்தல் வேண்டும். அதனைச் சான்றாகக் கொணர்வோர் விளக்கத்துக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும். எதிர்த்தரப்பார் பதிவையும் கருவியையும் பரிசோதிக்க வாய்ப்புக் கேட்கலாம். ஆகவே பிரதி எடுத்ததோடு அமையாது, மூலப் பதிவையும் காத்தல் வேண்டும். எடுக்கும்போது ஐயத்துக்குரியவர் தோன்றும் பத்து நிமிடத்தை மட்டும் எடாது, அந்த இரவு முழுவதையும் எல்லாக் கமராக்களிலிருந்தும் எடுத்தல் வேண்டும். பெட்டியின் நேரத்துக்கும் மெய்யான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்பொழுதே தாளில் எழுதி இருவர் கையொப்பமிடுதல் நன்று. இவ்விரண்டையும் யாம் செய்யத் தவறினோம்.

ஐந்தாவது, பிறவற்றோடு ஒத்திசைதல். ஒரு நிறுவனத்தின் கமராவை மற்றொரு நிறுவனத்தின் பெட்டி ஏற்க மறுத்தால், ஒன்று பழுதாகும்போது அனைத்தையும் மாற்ற நேரிடும். ஏழைக் கோயிலுக்கும் சிறு கடைக்கும் அது தாங்கொணாச் செலவு. இக்குறையை நீக்குவதற்காக 2008 இல் அக்சிஸ், பொஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி ஒன்விப் என்னும் பொதுவிதியை ஏற்படுத்தின. பொருத்துநர் பெட்டியை வாங்குமுன் அவ்விதிக்கு அமைந்ததா என்று பார்ப்பது இதனாலேயே. பழைய கம்பி ஏற்கனவே சுவரில் ஓடியிருந்தால், அதே கம்பியில் தெளிவான காட்சியைத் தரவல்ல டீ.வி.ஆர். பெட்டிகளும் உள. அவற்றைத் தேர்ந்து கம்பிச் செலவை மிச்சம் பிடிப்பது நேர்மையான பொருத்துநரின் அடையாளம்.

ஆறாவது, கடவுச்சொற் காவல். புதிதாக வாங்கும் பெட்டிக்கு உற்பத்தியாளர் இட்ட எளிய கடவுச்சொல்லை மாற்றாது விடுதல், வீட்டைப் பூட்டித் திறவுகோலைப் பூட்டிலேயே விடுதலாகும். 2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், இவ்வாறு மாற்றப்படாத ஏறத்தாழ அறுபது கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் எண்ணற்ற கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தன் வயப்படுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி, அவற்றின் துணையால் டின் என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட, பல பெரிய இணையத்தளங்கள் செயலிழந்தன. காவலுக்கு வைத்த பெட்டியே கொள்ளையர் படையிற் சேர்ந்தது. மறுபுறம், கடவுச்சொல்லைப் பொருத்தியவர் ஒருவரே அறிந்திருந்து, அவர் கட்டாருக்கு வேலைக்குச் சென்றுவிட, பெட்டியைத் திறக்க வழியின்றித் தவிக்கும் சபைகளும் உண்டு. ஆதலால் தலைமைக் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுத் தலைவரிடமும் செயலாளரிடமும் ஒவ்வொன்று ஒப்படைத்தல் வேண்டும். அன்றாடம் பார்ப்பவருக்குப் பார்க்க மட்டும் உரிமை தரும் வேறொரு கடவுச்சொல் போதும். அழிக்கும் உரிமை பலர் கையில் இருத்தலாகாது.

ஏழாவது, மலைநாட்டைத் தாங்குதல். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடியும் மின்னலும் ஊவாவில் மிகுதி. மலைச்சரிவில் நீண்டு ஓடும் செப்புக் கம்பி மின்னலின் வேகத்தைப் பெட்டிவரை கொண்டுசேர்க்கும். எனவே மின்பெருக்கைத் தடுக்கும் காப்புக் கருவியும், முறையான நிலத்தொடுப்பும் இன்றியமையாதன. வலையமைப்புக் கம்பி வழியே காட்சியையும் மின்சாரத்தையும் ஒருங்கே அனுப்பும் முறை 2003 இல் நெறிப்படுத்தப்பட்டது. அக்கம்பிக்கு எல்லை 100 மீற்றர். தொழிற்சாலைக்கும் மடுவத்துக்கும் இடையே அதனினும் நீண்ட தூரம் இருக்கும் தோட்டங்களில் ஒளிநார்க் கம்பியே சிறந்தது. அது மின்னலைக் கடத்தாது. பெட்டியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. சூடு தேடி எறும்பும் பல்லியும் உட்புகும், ஈரம் படியும். காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில், திருடன் முதலில் நோக்கும் இடமல்லாத வேறோர் அறையில் அதனை வைத்தல் வேண்டும். கமராவைக் கண்டதும் பெட்டியையே தூக்கிச் செல்லும் திருடரும் உளராதலின் இது சிறு செய்தியன்று. உண்டியற் கமராவில் எமக்கு மூடுபனி மட்டும் தெரிந்ததற்குங் காரணம் உண்டு. கமராவின் அகச்சிவப்பு விளக்கு பனித்துளிகளிற் பட்டு அதன் கண்ணுக்கே மீண்டு கூசச்செய்தது. விளக்கைக் கமராவினின்றும் விலக்கி வேறிடத்தில் வைத்த பின்னர் அக்குறை பெரும்பாலும் நீங்கிற்று.

இவ்வேழும் பெட்டிக்குரிய அழகுகள். பெட்டியை உடையார்க்குரிய ஒழுக்கம் ஒன்றும் உண்டு. கமரா எதை நோக்குகின்றது, பதிவை யார் பார்க்கின்றார் என்பனவே அவ்வொழுக்கத்தின் உள்ளீடு. தோட்டங்களில் லயத்து வாசலையும் பெண்கள் குளிக்கும் பீலியையும் நோக்கிக் கமரா திரும்பியிருத்தல் எவ்வகையாலும் தகாது. தற்செயலாகப் படுமாயின், காட்சியின் அப்பகுதியை மட்டும் கறுப்பாக்கி மறைக்கும் ஏற்பாடு பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்தச் சொல்லும் துணிவு பொருத்துநருக்கு வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பற்றிய தரவைச் சேகரிப்போர் இன்ன நோக்கத்துக்கே சேகரிக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருத்தலாகாது என்னும் நெறிகளை நம் நாட்டிற் சட்டமாக்கியது.

கொழுந்து மடுவத்தை எடுத்துக்கொள்க. நிறுவையைப் பற்றிய பிணக்கு மலைநாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. தராசின் முகத்தையும் கொழுந்துக் கூடையையும் ஒருசேரக் காட்டும் கமரா ஒன்று இருக்குமாயின், தொழிலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடையே அது நடுவாகலாம். ஆனால் பதிவைத் திறக்கும் உரிமை ஒரு தரப்பாரிடம் மட்டும் இருப்பின், தமக்கு ஏற்ற பத்து நிமிடத்தை மட்டுமே அவர் எடுத்துக் காட்டுவர். பிணக்கு எழும்போது இரு தரப்பாரும் கூடியிருந்து பார்ப்பது என்று முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். சாட்சி ஒருவர் பக்கம் மட்டும் பேசுமாயின் அது சாட்சியாகாது.

சைவ நூலார் அறிவுக்குரிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை எனப் பகுத்தனர். காட்சியினுள்ளும் ஐயமும் திரிபும் உண்டு என அவர்கள் எச்சரித்தனர். எம் கோயிலில் திரையிலே தோன்றியது காட்சி. அவனே திருடன் என்றது கருதல். கடிகாரத்தின் திரிபினால் காட்சி பிழைக்க, அதன்மேற் கட்டிய கருதலும் பிழைத்தது. கருவி தான் கண்டதையே கூறும். அதற்கு மேல் நாம் சேர்ப்பவை அனைத்துக்கும் நாமே பொறுப்பாளர்.

இக்காலத்தில் எம் பழைய மாணவன் ஒரு நல்வழக்கத்தை மேற்கொண்டுள்ளான். பெட்டியைப் பொருத்தி முடித்ததும், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஓர் அட்டையை அதனருகே தொங்கவிடுகின்றான். நேரத்தைச் சரிபார்த்த நாள், எத்தனை நாட் காட்சி நிற்கும் என்பது, பிரதி எடுக்கும் முறை, தட்டின் ஒலி கேட்டால் செய்யவேண்டியது ஆகிய நான்கும் அதில் இருக்கும். அதன் தமிழ்ப் பகுதியைத் திருத்திக் கொடுக்கும் பேறு எமக்குக் கிடைத்தது. யாம் திருத்தியவை சில சந்திப் பிழைகளே. பொருளிலே திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

கம்பி இழுப்பவர், ஏணி ஏறுபவர் என்று இத்தொழிலாளரை இளக்கமாய் எண்ணும் மனப்பான்மை நம்மவரிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஓர் இளைஞனின் மானத்தை மீட்டது சபையாரின் ஆராய்ச்சியன்று. பெட்டியின் கடிகாரத்தை முதலில் பார்த்த ஒரு பொருத்துநனின் தொழிற் பழக்கமே. நம் கல்லூரியில் இன்று கற்கும் மாணவர் எத்தொழிலை மேற்கொண்டாலும் அதனை இவ்வாறு ஐயந்திரிபறக் கற்றல் வேண்டும். பழைய மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. இம்மலரைப் படித்து மூடிய கையோடு, தம் வீட்டிலோ கடையிலோ கோயிலிலோ உள்ள பதிவுப் பெட்டியின் முன் சென்று, அதன் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்புநோக்குக. அந்த இளைஞன் இப்போது அதே விடுதியில் மீண்டும் வேலை செய்கின்றான். இரவு வேலை முடிந்து கோயில் வாயிலைக் கடக்கும்போது கமராவை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுச் செல்கின்றான். சுவாமியையா, கமராவையா கும்பிடுகின்றாய் என்று யாம் கேட்டதில்லை.

கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மக்கள் கைத்தொழிலும் கல்வியும் ஒருங்கே ஓங்குக.